கொப்பளித்த தண்ணீர்

கோகிலம் தன் குருவைவிடப் பத்து வயது மூத்தவள்.

குருவுக்குப் பெயர் தெய்வானை. அரசுப் பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுத்தவள். அந்த வேலையை விட்டுவிட்டு, ஊருக்கு வெளியே ஓடாமல் கிடந்த செக்குக் கொட்டகை ஒன்றைப் பிடித்து, மண்ணையும் மரத்தையும் காகிதத்தையும் வைத்து எதையாவது செய்துகொண்டிருந்தாள். கற்றுக்கொள்ள வந்தவர்கள் எல்லோரும் அவளை டீச்சர் என்றார்கள். கோகிலமும் அப்படித்தான் கூப்பிட்டாள்.

கணவன் இறந்த மறுவருஷம் கோகிலம் அங்கே வந்தாள்.

"எதுக்கு வந்தீங்க?" என்று டீச்சர் கேட்டாள்.

"வீட்டுல சும்மா உக்காந்தா பழசெல்லாம் வருது டீச்சர்."

"இங்கயும் வரும்."

"வரட்டும். கைக்கு வேலை இருந்தா தாங்கிக்கலாம்."

நான்கு வருஷம் அவள் மண் பிசைந்தாள்.

ஐந்தாவது வருஷம் ஒரு கண்காட்சி வந்தது. மண்ணும் பயிரும் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். விற்பனைக்கூடத்தின் பழைய குடோனைத் தட்டி கட்டி அறை அறையாகப் பிரித்து, பயிருக்கு ஒரு அறை கொடுத்தார்கள். நெல்லுக்கு ஒன்று, கரும்புக்கு ஒன்று, கேழ்வரகுக்கு ஒன்று. அந்தப் பயிர் இந்த மண்ணில் எப்படி வாழ்ந்தது என்பதை அறைக்குள் வருகிறவர்களுக்குக் காட்ட வேண்டும். எப்படிக் காட்டுவது என்பது செய்கிறவர் பாடு.

மல்லாட்டை கோகிலத்துக்கு வந்தது. நிலக்கடலையை அந்தப் பக்கத்தில் மல்லாட்டை என்பார்கள். கோகிலம் வாழ்க்கைப்பட்டது முப்பது ஏக்கர் மல்லாட்டை போட்ட வீடு. அவளுக்கே கொடுத்தது சரிதான் என்று எல்லோரும் சொன்னார்கள்.

அவள் எண்ணெய் மில்லில் நான்கு மூட்டை மல்லாட்டை ஓடு வாங்கினாள். அறையின் நடுவில் அம்பாரமாகக் கொட்டினாள். மேலிருந்து வெளிச்சம் விழும்படி விளக்குப் போட்டாள்.

டீச்சர் வந்து சுற்றிப் பார்த்தாள்.

"எப்படி இருக்கு டீச்சர்?"

"ஆளே இல்லையே."

கோகிலம் வீட்டுக்குப் போய் நான்கு மண் பொம்மைகள் செய்தாள். ஒருத்தி செடி பிடுங்கினாள். ஒருத்தி காய் ஆய்ந்தாள். ஒருத்தி கூடை சுமந்தாள். ஒருத்தி உட்கார்ந்து உடைத்தாள். அவற்றைச் சுட்டு, வண்ணம் தீட்டி, அம்பாரத்தைச் சுற்றி வைத்தாள்.

டீச்சர் மறுபடி வந்தாள்.

"பொம்மை நல்லா இருக்கு."

"ஆளு வந்தாச்சா டீச்சர்?"

"இல்ல."

"என்ன செய்யணும்னு சொல்லிடுங்களேன். இன்னும் பன்னெண்டு நாள்தான் இருக்கு."

டீச்சர் குனிந்து ஒரு கைப்பிடி ஓடு அள்ளினாள். பாதி தூளாக விரலிடுக்கில் உதிர்ந்தது.

"இதை யாரு உடைச்சது?"

"மில்லுல வாங்கினது. மெஷின்ல உடைச்சது."

"கையால உடைச்சா ஓடு ரெண்டாப் பிளக்கும். இப்படித் தூளாகாது."

"ஆளு வச்சு உடைச்சுடறேன்."

"நீங்க உடைங்க."

"நானா?"

"உங்க வீட்டுல யாரு உடைச்சாங்க?"

"ஆடிப் பட்டத்துக்கு விதை உடைக்கப் பொம்பளைங்க வருவாங்க. இருபது பேர், முப்பது பேர்."

"அவங்க உடைச்சாங்க. நீங்க என்ன செஞ்சீங்க?"

கோகிலம் பொம்மை ஒன்றின் தூசியைத் துடைத்தாள்.

"தண்ணி ஊத்தினேன்."

"குடிக்கவா?"

"ஆமா," என்றாள் கோகிலம்.

அன்று முதல் அவள் அறையிலேயே உட்கார்ந்து மல்லாட்டை உடைத்தாள். முதல் நாள் கட்டைவிரல் சிவந்தது. இரண்டாம் நாள் கொப்புளம் போட்டது. நான்காம் நாள் கொப்புளம் உடைந்து, உப்பைத் தொட்டால் கண்ணில் தண்ணீர் வந்தது. முழங்கால் மடங்க மறுத்தது. உடைத்த ஓடுகளை நூலில் கோத்து, கூரையிலிருந்து தரை வரை தொங்கவிட்டாள். காற்று வந்தால் அவை ஒன்றையொன்று உரசிச் சலசலத்தன.

ஏழாம் நாள் வீட்டுப் பரணிலிருந்து ஒரு பித்தளைத் தட்டை இறக்கி, புளி போட்டுத் தேய்த்துக் கொண்டுவந்தாள். அறையை விட்டு வெளியே போகும் வழியில் ஒரு மணையைப் போட்டு அதன்மேல் வைத்தாள். பக்கத்தில் ஒரு சொம்பில் தண்ணீர் வைத்தாள்.

விழாக் குழுவின் அமிர்தலிங்கம் அந்த வழியாக வந்தார். எதைப் பார்த்தாலும் சந்தோஷப்படுகிற மனிதர்.

"அடடே, தட்டு பளபளன்னு இருக்கே. இது எதுக்கும்மா?"

"விதை உடைக்கிறப்ப வைக்கிறது."

"எதுக்காக வைக்கிறது?"

கோகிலம் சொம்பைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள்.

"விதை வீணாகாம இருக்கத்தான்."

அவர் உடனே எழுதிக்கொண்டார். மறுநாள் பிளாஸ்டிக் உறை போட்ட அட்டை வந்தது. 'விதையைக் காத்த தட்டு. நம் முன்னோரின் விதைப் பாதுகாப்பு முறை' என்று அதில் அச்சடித்திருந்தது.

மதியம் டீச்சர் வந்தாள். தொங்குகிற ஓடுகளை விலக்கிக்கொண்டு மெதுவாக நடந்தாள். வெளிவாசல் பக்கம் வந்ததும் தட்டைப் பார்த்தாள். அட்டையைப் படித்தாள். அவளுடைய கை தானாக எழுந்து வாயைப் பொத்தியது.

கோகிலம் தரையில் உட்கார்ந்து உடைத்துக்கொண்டிருந்தாள்.

"கோகிலம்மா, வாயில என்ன?"

"ஐயோ, ரெண்டு பருப்புதான் டீச்சர். தெரியாமப் போட்டுக்கிட்டேன். கை உடைச்சா வாய் சும்மா இருக்கமாட்டேங்குது."

"எழுந்து வாங்க."

வந்தாள். டீச்சர் சொம்பைத் தூக்கினாள்.

"கையை ஏந்துங்க."

கோகிலம் ஏந்தினாள். டீச்சர் ஊற்றினாள்.

"கொப்பளிச்சுத் துப்புங்க."

"எங்க?"

"தட்டுலதான்."

கோகிலம் கன்னத்தில் தண்ணீரை அடக்கிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பிறகு துப்பினாள்.

தண்ணீர் வெள்ளையாக விழுந்தது. பருப்புத் துணுக்குகள் பித்தளைமேல் ஒட்டின. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"இதுக்குத்தானே இந்தத் தட்டு?" என்றாள் டீச்சர்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்க ஊர்ல தட்டு கிடையாது. கருங்கல்லு."

"நீங்க..."

"அம்மாகூடப் போவேன். ஏழெட்டு வயசு."

கோகிலம் மணைக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

"அத்தை வச்ச வழக்கம் டீச்சர். சாயங்காலம் வேலை முடிஞ்சா வரிசையா நிக்கணும். நான் ஊத்தணும். அவங்க கொப்பளிச்சுத் துப்பிட்டு, பாத்துக்குங்கன்னு சொல்லணும். தெளிவா இருந்தா நாங்க சரின்னு சொல்லுவோம். சொன்னாத்தான் போகலாம். வெள்ளையா இருந்தா நாளையில இருந்து வராதேன்னுடுவாங்க அத்தை."

"எத்தனை பேர் அப்படிப் போனாங்க?"

"அத்தை அனுப்பினது நிறைய. நான் அனுப்பினது ஒண்ணு."

டீச்சர் சொம்பைக் கீழே வைத்தாள்.

"எனக்குப் பத்தொன்பது வயசு. கல்யாணமாகி ஆறு மாசம். அந்த வீட்டுல எது செஞ்சாலும் குத்தம். உப்புப் போட்டா ஜாஸ்தி, போடாட்டிக் குறைச்சல். அன்னிக்கு அத்தை உள்ள இருந்தாங்க. பூங்காவனம்னு ஒருத்தி, இடுப்புல கைக்குழந்தை. அவ துப்பினது வெள்ளையா இருந்துச்சு. அவ என் மூஞ்சியப் பார்த்தா. நான் தட்டைக் கவுத்திருந்தா முடிஞ்சுபோச்சு. யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

"கவுக்கலையா?"

"அத்தே, இங்க வந்து பாருங்கன்னு கூப்பிட்டேன்."

வெளியே யாரோ ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அன்னிக்குத்தான் அத்தை மொதமொதல்ல என்னை நல்ல பொண்ணுன்னு சொன்னாங்க. பூங்காவனத்தை எங்க வீட்டுல நிறுத்தினதும் வேற வீட்டுலயும் கூப்பிடல. ஐப்பசியில அந்தக் குழந்தை செத்துப்போச்சு. பொம்பளைப் புள்ள. நடக்கக்கூட ஆரம்பிக்கல. இதனாலதான்னு யாரும் சொல்லல டீச்சர். ஒருத்தர்கூடச் சொல்லல. சொல்லியிருந்தாலாவது நான் இல்லைன்னு சண்டை போட்டிருப்பேன்."

"உங்க அத்தை?"

"அவங்க போய் இருபத்திரெண்டு வருஷம் ஆச்சு." கோகிலம் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "இது எப்ப டீச்சர் தீரும்?"

"பூங்காவனம் இருக்காங்களா?"

"இருக்கா. எங்க ஊர் காலனியில."

"இருக்காங்களா?" என்று டீச்சர் மறுபடி கேட்டாள்.

"இருக்காங்க," என்றாள் கோகிலம்.

"கூட்டிக்கிட்டு வாங்க."

டீச்சர் கிளம்பும்போது அட்டையைத் தொட்டுக் காட்டினாள். "இது?"

"நான் வேற எழுதி வச்சுடறேன்."

அன்று சாயங்காலம் கோகிலம் எழுத உட்கார்ந்தாள். 'இந்தத் தட்டில்' என்று தொடங்கினாள். கிழித்தாள். 'எங்கள் வீட்டில்' என்று தொடங்கினாள். அதையும் கிழித்தாள். மூன்றாவது தாளில் ஒன்றும் எழுதாமலே மடித்து வைத்தாள். அமிர்தலிங்கத்தின் அட்டை இருந்த இடத்திலேயே இருந்தது.

முப்பத்தொன்பது வருஷத்தில் கோகிலம் அந்தக் காலனிக்குள் போனதில்லை. வீட்டை விசாரித்து விசாரித்துப் போனாள். பூங்காவனம் வாசலில் கால் நீட்டி உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும். கன்னம் உள்ளே ஒடுங்கியிருந்தது.

"யாரு?"

"நான்தான், கோகிலம்."

"எந்தக் கோகிலம்?"

"பெரிய வீட்டு..."

"அட, சின்னம்மாவா?" பூங்காவனம் காலை மடக்கிக்கொண்டாள். கோகிலத்தின் மாமியாரைப் பெரியம்மா என்றும் இவளைச் சின்னம்மா என்றும்தான் ஆட்கள் கூப்பிடுவார்கள். "வழி தவறிட்டீங்களா?"

எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "என்னா பூங்காவனம், பெரிய வீட்டுல இருந்து சம்மனா?"

"ஆமாண்டி. ஜாமீனுக்கு நீ வந்து நில்லு."

கோகிலம் நின்றுகொண்டே சொன்னாள். "டவுன்ல கண்காட்சி வச்சிருக்காங்க. மல்லாட்டையை வச்சு நான் ஒண்ணு செஞ்சிருக்கேன். நீ வந்து பார்க்கணும்."

"மல்லாட்டையில பார்க்க என்னா இருக்கு சின்னம்மா? பிடுங்கியிருக்கேன், ஆஞ்சிருக்கேன், உடைச்சிருக்கேன், சுமந்திருக்கேன். பார்க்கத்தான் நேரமில்லாமப் போச்சு."

"அதான், வந்து பாரு."

"உடைக்க ஆளு கிடைக்கலன்னா நேராச் சொல்லுங்க. இப்ப என்னைத் தைரியமாக் கூப்பிடலாம்." பூங்காவனம் வாயைத் திறந்து காட்டினாள். உள்ளே ஒரு பல்கூட இல்லை. அவள் சிரித்தாள். எதிர்வீட்டுக்காரியும் சிரித்தாள்.

கோகிலம் ஒரு அடி முன்னால் வந்தாள். "பூங்காவனம், அன்னிக்கு..."

"டீ குடிப்பீங்களா? எங்க வீட்டுல குடிப்பீங்களா மாட்டீங்களா, தெரியலையே."

"குடிக்கிறேன்."

டீ பாயசம்போல இனித்தது. கோகிலம் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தாள். சொல்ல வந்ததைச் சொல்லாமல் திரும்பி நடந்தாள்.

கண்காட்சி திறந்த அன்று கூட்டம் நிறைய வந்தது. அறைக்குள் நுழைகிற ஒவ்வொருவருக்கும் வறுத்த மல்லாட்டைப் பருப்பு ஒரு பொட்டலம் கொடுக்க அமிர்தலிங்கம் ஏற்பாடு செய்திருந்தார். எல்லோரும் மென்றுகொண்டே உள்ளே போனார்கள். ஓடுகளுக்கு நடுவில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு பெண், மழையில் நிற்பதுபோல இருக்கிறது என்றாள். கோகிலத்துக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினொரு மணிக்குப் பூங்காவனம் வந்தாள். கிளிப்பச்சைப் புடவை கட்டியிருந்தாள். மடிப்புக் கலையாத புதுப்புடவை. பொட்டலத்தை வாங்கி, பிரிக்காமல் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"சாப்பிடேன்," என்றாள் கோகிலம்.

"பேத்திக்கு ஆவும்."

தொங்குகிற ஓடு ஒன்றைப் பூங்காவனம் விரலால் தடவினாள். உடனே சொன்னாள், "கையால உடைச்சது."

"நான்தான் உடைச்சேன்."

பூங்காவனம் திரும்பி அவள் கையைப் பிடித்து இழுத்துக் கட்டைவிரலைப் பார்த்தாள். "அடப் பாவமே. மல்லாட்டை மேல தண்ணி தெளிச்சு ஊறவிட்டு உடைச்சிருக்கக் கூடாதா? யாரும் சொல்லித்தரலையா?"

"யாரையும் கேட்கல."

"எங்களைக் கேட்டிருந்தா சொல்லியிருப்போம்."

அவர்கள் நடந்து வெளிவாசலுக்கு வந்தார்கள். பூங்காவனம் தட்டைப் பார்த்து நின்றாள்.

"அதே தட்டு." சுற்றிவந்து பார்த்தாள். "தேய்ச்சு வச்சிருக்கீங்களே. அப்பல்லாம் பச்சை பூத்துக் கெடக்கும்."

கோகிலம் நான்கு நாளாக மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்ததைச் சொன்னாள். வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வந்தன.

"அன்னிக்கு அத்தை உள்ள இருந்தாங்க. தட்டை நான் கவுத்திருக்கலாம். கவுக்கல. கூப்பிட்டுக் காட்டினேன். நான் செஞ்சது பெரிய தப்பு பூங்காவனம். என்னை..."

"நீங்க என்னா தப்பு செஞ்சீங்க?" பூங்காவனம் நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள். "நான் தின்னேன்தான். மூணு பருப்பு. நான் முழுங்கக்கூட இல்ல, மென்னு புள்ளைக்கு ஊட்டினேன். எனக்குப் பாலு வத்திப்போயிருந்துது. நீங்க இருந்ததத்தானே சொன்னீங்க? இல்லாததச் சொல்லலையே."

"குழந்தை..."

"அது ஐப்பசியில போச்சு. விதையத் தின்னவ வீடு வெளங்காதுன்னு என் மாமியா அப்பவே சொன்னா. விதைக்கு வச்சிருந்தத எடுத்து ஊட்டினேனே, அந்தப் பாவந்தான். நான் யாரைக் குத்தம் சொல்ல?"

"அப்படி இல்ல."

"இல்லீங்களா?" பூங்காவனம் அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். முப்பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் பார்த்த அதே பார்வை. "அப்ப எதுல போச்சு சின்னம்மா?"

கோகிலம் வாயைத் திறந்தாள். பதில் அவளுக்குத் தெரியும். இரண்டு எழுத்துச் சொல்தான்.

அந்த நேரம் அமிர்தலிங்கம் பத்துப் பேரோடு அங்கே வந்துவிட்டார். "இதுதான் நான் சொன்ன தட்டு. விதையை நம்ம முன்னோர்கள் எப்படிப் போற்றினாங்கன்னு பாருங்க." அவர் அட்டையைப் படித்துக் காட்டினார். பத்துப் பேரும் தலையசைத்தார்கள். பூங்காவனமும் மரியாதையாக ஒதுங்கி நின்று கேட்டாள்.

கோகிலம் திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

"நான் கிளம்பறேன் சின்னம்மா. பஸ்ஸு போயிடும்." பூங்காவனம் இரண்டு கைகளையும் குவித்து வாய்க்கு நேரே ஏந்தினாள். "கொஞ்சம் தண்ணி ஊத்துங்க."

குடிக்கத்தான் கேட்கிறாள் என்று கோகிலம் சொம்பை எடுத்து ஊற்றினாள்.

பூங்காவனம் குடிக்கவில்லை. பொக்கைக் கன்னங்கள் உப்பக் கொப்பளித்தாள். குனிந்து, தட்டில் துப்பினாள். நிமிர்ந்து, புறங்கையால் உதட்டைத் துடைத்தாள்.

"பாத்துக்குங்க சின்னம்மா."

ஒருவர் போனை உயர்த்திப் படம் எடுத்தார்.

"பிரமாதம்," என்றார் அமிர்தலிங்கம். "கோகிலம்மா, இந்தப் பாட்டி தினமும் வந்து இதைச் செஞ்சு காட்டினா எவ்வளவு நல்லா இருக்கும்."

பூங்காவனம் போகாமல் நின்றுகொண்டிருந்தாள். முந்தானை முடிச்சைக் கையில் பிடித்தபடி, தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, தட்டுக்குப் பக்கத்தில் நின்றாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றவள் ஏன் நிற்கிறாள் என்று கோகிலத்துக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது.

"சரி," என்றாள் கோகிலம்.

அந்தச் சொல் அவள் யோசிப்பதற்கு முன்பே வந்துவிட்டது.

பூங்காவனம் போனாள்.

சாயங்காலம் கூட்டம் கலைந்தபின் டீச்சர் வந்தாள். அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தரையெல்லாம் காலிப் பொட்டலங்கள். கோகிலம் மணைக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தட்டில் தண்ணீர் அப்படியே இருந்தது. யாரையும் அதைத் தொட அவள் விடவில்லை.

டீச்சரும் கீழே உட்கார்ந்தாள்.

"வந்தாங்களா?"

"வந்தாங்க."

"கேட்டீங்களா?"

"கேட்டேன் டீச்சர். தப்பு தன்னோடதுன்னு சொல்லிட்டாங்க. புள்ளை செத்ததும் தன் பாவத்தாலதான்னு நினைச்சுக்கிட்டிருக்காங்க. இத்தனை வருஷமும் அப்படியே நினைச்சுக்கிட்டு இருந்திருக்காங்க. எதுல செத்துச்சுன்னு என்னைக் கேட்டாங்க. எனக்குத் தெரியும். பசியிலதான் செத்துச்சு. நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. ஆளுங்க வந்துட்டாங்க. நான் வாயை மூடிக்கிட்டேன்."

டீச்சர் ஒரு காலிப் பொட்டலத்தை எடுத்து மடித்தாள்.

"போறப்ப கொப்பளிச்சுக் காட்டிட்டுப் போனாங்க. நானே ஊத்தினேன். நானே சரின்னும் சொன்னேன். பத்தொன்பது வயசுல எப்படி இருந்தேனோ அப்படியேதான் இருக்கேன். ஒரு மூட்டை மல்லாட்டை உடைச்சது விரலுக்குத்தான் தெரியுது." கோகிலம் அழவில்லை. அழுதால்கூடப் பரவாயில்லை என்று தோன்றும் முகமாக இருந்தது. "அவங்க மன்னிக்கமாட்டாங்க டீச்சர். அவங்களுக்கு மன்னிக்க ஒண்ணும் இல்ல. நான் இனிமே யார்கிட்டப் போய்க் கேட்கறது?"

ஓடுகள் லேசாகச் சலசலத்து அடங்கின.

டீச்சர் தட்டை எடுத்து, தண்ணீர் தளும்பாமல், இருவருக்கும் நடுவில் வைத்தாள்.

"தண்ணி எப்படி இருக்கு கோகிலம்மா?"

கோகிலம் குனிந்து பார்த்தாள். பித்தளையின் அடிவரை தெரிந்தது.

"தெளிவா இருக்கு."

"பருப்பு?"

"ஒரு துணுக்குகூட இல்ல."

"நல்லாப் பார்த்தீங்களா?"

"நல்லாப் பார்த்துட்டேன்."

டீச்சர் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள்.

"அன்னிக்குக் கூப்பிட்ட மாதிரி உங்க அத்தையைக் கூப்பிட்டுச் சொல்லுங்க."